பதிவுப் பிரஜை லென்ஸ்

இரண்டு லென்ஸ்களில் எதை வாங்குவது என்று முடிவெடுக்க என் வீட்டுக்காரருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது தேத்தண்ணி ஆறுவதற்குள் சரி என்று சொன்ன மனுஷன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷமும் எனக்கு இந்த ஒப்பீடுதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது, எரிச்சலோடு.

மாத்தளை டவுனில், பெரிய தெருவில், ஒரு புடவைக் கடைக்கும் ஒரு பலசரக்குக் கடைக்கும் நடுவில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. முன்னால் படம் எடுக்கும் அறை, அதற்குப் பின்னால் டார்க் ரூம், அதற்கும் பின்னால் நாங்கள். கௌன்டரில் நான் இருப்பேன். சீப்பு, பவுடர், கண்ணாடி எல்லாம் என் பொறுப்பு. கோட்டு இல்லாதவர்களுக்குப் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டும் ஆணியில் தொங்கும். அந்த ஒரே கோட்டில் பாதி மாத்தளை இந்தியா போயிருக்கிறது.

அப்போது எங்கள் தொழிலே பாஸ்போர்ட் படம்தான். தேயிலைத் தோட்டத்து ஆட்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்டிருந்தன. இந்தியா கிடைத்தாலும் படம் வேண்டும், இலங்கை கிடைத்தாலும் படம் வேண்டும். ஊர் காலியாகக் காலியாக எங்கள் அடுப்பு நன்றாக எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நாங்கள் எடுக்காவிட்டால் கண்டியில் போய் எடுத்திருப்பார்கள்.

ஒரு முகத்தை எடுக்க கேமராவோடு வந்த லென்ஸே போதும். சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. கிளம்புவதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்று தோட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். லயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓரறைக் காம்பராக்களுக்கு முன்னால் வாசல் என்பது ஒரு பாய் விரிக்கிற அகலம். அதற்கு அடுத்தது கான், அழுக்குத் தண்ணீர் ஓடுவது. அதற்கு அடுத்தது சரிவு. குடும்பம் முழுவதும் படத்துக்குள் வர வேண்டும் என்று இவர் பின்னால் போவார், இன்னும் கொஞ்சம் போவார், கானுக்குள் விழுவார். விழும்போது கேமராவை மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வார். சட்டை தோய்ப்பது நான்.

கடைசியில் குடும்பத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு படமாக எடுத்துக் கொடுப்பார். அண்ணன் ஒரு படத்தில், தம்பி ஒரு படத்தில். "சேத்து ஒட்டித் தாங்கய்யா" என்று கேட்பார்கள். அரசாங்கங்கள் செய்ததையே ஸ்டூடியோக்காரனும் செய்தால் ஜனங்கள் என்ன செய்யும்?

எழுபத்தேழு வரைக்கும் லென்ஸ் வாங்குவது என்ற பேச்சே கிடையாது. பாண் ரொட்டிக்கே விடியுமுன் வரிசையில் நின்ற நாடு. பிறகு ஆட்சி மாறியது, கதவு திறந்தது, சாமான்கள் வந்து கொட்டின. கண்டியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில், கண்ணாடி அலமாரிக்குள் பக்கத்துப் பக்கத்தில், கிட்ட நின்றே அகலமாகப் பிடிக்கிற இரண்டு வைட் லென்ஸ் உட்கார்ந்திருந்தன. நானும் கூடத்தான் போயிருந்தேன்.

"இது உங்க கேமரா கம்பெனியே செஞ்சது தம்பி" என்றார் நானா. "மத்தது வேற கம்பெனி. ஆனா உங்க கேமராவுக்குன்னே பூட்டு வச்சுச் செஞ்சிருக்கான். கச்சிதமா ஏறும்."

"டூப்ளிகேட்டா நானா?"

"டூப்ளிகேட் இல்ல தம்பி. அடுத்தவன் பேர அடிச்சிருந்தாத்தான் டூப்ளிகேட். இது தன் பேரைத்தானே போட்டிருக்கு. வேலையும் அதே வேலை. விலை மட்டும் பாதி."

"அப்ப அது வம்சாவளி, இது பதிவுப் பிரஜை" என்றேன் நான்.

வாயில் வந்துவிட்டது. எங்கள் நாட்டில் பிரஜைகள் இரண்டு வகை. பரம்பரையாக இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் வம்சாவளிப் பிரஜை. விண்ணப்பம் போட்டு, விசாரணைக்குப் போய், காத்துக் கிடந்து வாங்குகிறவர்கள் பதிவுப் பிரஜை. ஓட்டு இரண்டு பேருக்கும் உண்டு. ஆனாலும் ஓர் ஆபீசுக்குள் நுழைந்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "வம்சாவளியா, பதிவா?" என்று கேட்பார்கள். நானா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருக்குப் பதிவு கிடைத்து அப்போதுதான் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அந்த மரியாதை அவருக்கு இன்னும் தீரவில்லை.

வாங்காமலே திரும்பி வந்தோம். அன்றைக்கு ஆரம்பித்த யோசனை. கொழும்பில் பழைய புத்தகம் விற்கிற இடத்திலிருந்து இங்கிலீஷ் கேமரா புத்தகங்களாக வாங்கி வந்து குவித்தார். சாப்பிடும்போது வாசிப்பார். வம்சாவளியில் மூலை வரைக்கும் கூர்மையாம், பதிவில் மூலை கொஞ்சம் மங்கலாம். வம்சாவளியில் வெயில் பட்டாலும் படம் கலங்காதாம், பதிவுக்கு அந்தப் பூச்சு போதாதாம். வம்சாவளியில் வளையத்தைத் திருப்புவது இந்தப் பக்கம், பதிவில் அந்தப் பக்கம். பாஸ்போர்ட் படத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தோட்டத்து மனுஷனிடம், "நீங்கன்னா எதை வாங்குவீங்க?" என்று கேட்பார். அந்த ஆள் இதுவும் பிரஜாவுரிமை விசாரணையில் ஒரு கேள்வி என்று நினைத்து முழிப்பார். அப்படி முழித்த முகத்தோடு இந்தியாவுக்குப் போனவர்கள் சிலர் உண்டு.

எரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, இந்தியா போகிறவர்கள் பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர் வரும்வரை.

நான் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா சில்லறைக் கங்காணி. அம்மா கொழுந்து எடுத்தவர். இரண்டு அண்ணன்கள், மதினிகள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் ஒரே லயத்தில். எழுபத்தேழு ஆவணியில் கலவரம் வந்து, பக்கத்து டிவிஷனில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். அதுவரை "செத்தாலும் இங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா மறுநாளிலிருந்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர்கள் எல்லாருக்கும் இந்தியா. டவுனில் கட்டிக்கொடுத்ததால் நான் மட்டும் புருஷனோடு இலங்கை. மாத்தளையில் ரயில் ஏறினால் தலைமன்னார், அங்கே கப்பல் ஏறினால் ராமேஸ்வரம். அதற்குப் பிறகு பார்ப்போமா மாட்டோமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் ஆட்கள் எல்லாரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். இரண்டு படமாகப் பிரித்து எடுத்தது எனக்கு வேண்டாம். கௌன்டரில் உட்கார்ந்து எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த இரட்டைப் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தவள் நான். வாங்கிப் பார்க்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும்.

இவரோ, "கொஞ்சம் பொறு. ஒரு வருஷம் பொறுத்தா வம்சாவளியே வாங்கிடலாம். உங்க வீட்டுப் படத்தை அரைகுறையா எடுக்க எனக்கு மனசில்ல" என்றார். அவர் சொன்னது அன்பில்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"என்னங்க, எந்த லென்ஸ வாங்கினாலும் அதுக்கு முன்னால நிக்க ஆளு வேணும்ல? எங்கம்மா கப்பல் ஏறின பொறகு எதைப் புடிப்பீங்க, தலைமன்னார் கடலையா?" என்றேன். "நல்லா வரும், அது ரொம்ப அகலம்."

இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கண்டி பஸ் ஏறிப் போய்ப் பதிவுப் பிரஜையோடு வந்தார். கேமராவில் வைத்துத் திருப்பியபோது கிளிக் என்று ஒரு சத்தம் வந்தது. சத்தம் சுத்தமாக இருந்தது. அதை அவரும் ஒத்துக்கொண்டார்.

அந்த மாசியில், எங்கள் ஊர் அம்மன் கோயில் தேரில் சோதித்துப் பார்த்தோம். ஐந்து தேரும் பெரிய தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எதிர்க்கடை மாடியில் நின்று எடுத்தார். கழுவிப் பார்த்தால் ஐந்து தேரும் இருந்தன, ஜனமும் இருந்தது, ஆனால் எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. யாரோ தயிரைக் கொட்டிய மாதிரி இருந்தது. வெயில் நேராக உள்ளே புகுந்திருந்தது. "புத்தகத்துல சொன்னான்" என்றார், ஏதோ நான் எழுதிய புத்தகம் போல.

மறுநாள் அம்மன் தீர்த்தத்துக்குப் போகும்போது மாடியில் கறுப்புக் குடையோடு நான் நின்றேன். லென்ஸுக்கு மேலே, கொஞ்சம் முன்னால், நிழல் கண்ணாடியில் மட்டும் விழ வேண்டும், குடை படத்தில் விழக் கூடாது. ஒரு விரற்கடை அந்தப் பக்கம் போனாலும் காரியம் கெட்டுவிடும். "மேல, மேல, போதும், கீழ, இல்ல மேல" என்று உயிரை வாங்கினார். அம்மனுக்குப் பிடிக்க வேண்டிய குடையை ஒரு லென்ஸுக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் படம் சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகு வெளியில் போய் எடுக்கும் எந்தப் படத்துக்கும் குடையும் நானும் சேர்ந்தே போனோம். வேறு யார் பிடித்தாலும் சரிவரவில்லை.

எங்கள் வீட்டார் ரயில் ஏறுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்கடுவை பஸ் ஏறினோம். நான் நீலப் புடவை கட்டியிருந்தேன். அம்மாவுக்குப் பிடித்த புடவை, படத்துக்காகவே கட்டினேன். லயத்தில் பாதிக் காம்பராக்கள் அப்போதே காலி. மிச்சம் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அந்த லயத்து வாசலுக்கு எதிரில் நின்று எடுத்தால் காலை வெயில் கூரைக்கு மேலாக நம் மூஞ்சியில் அடிக்கும். மத்தியானத்துக்குப் பிறகு என்றால் வெயில் நமக்கு முதுகுப் பக்கம், குடையே வேண்டாம். ஆனால் எல்கடுவையில் மத்தியானத்துக்குப் பிறகு வெயில் ஏது? பனி இறங்கினால் எதிரில் நிற்கிற ஆளே தெரியாது.

இவர் கானுக்கு இந்தப் பக்கம் காலை நன்றாக ஊன்றிக்கொண்டு, "எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்றார்.

டவுன்காரர் செய்கிற பிழை அது. தோட்டத்தில் பிறந்தவர்களிடம் வரிசையாக நில் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பெரட்டு. விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுப்பதற்கு ஆட்களை நிறுத்துவார்களே, அது. கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சட்டென்று ஒரே கோடாக, தோளுக்குத் தோள், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சிரிப்பு போய்விட்டது. மதினி இடுப்பில் இருந்த பிள்ளையைக்கூடக் கீழே இறக்கி நிறுத்திவிட்டார். வரிசை ரயில் மாதிரி நீண்டது. அப்பா அதில் சேரவில்லை. இடது பக்கக் கோடியில், இரண்டு எட்டு தள்ளி, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு தனியாக நின்றார். கங்காணி நிற்கிற இடம் அது.

"மாமா, நடுவுல வாங்க. அத்தை பக்கத்துல நில்லுங்க. பிள்ளைக முன்னால உக்காரட்டும்."

"என் எடம் இதுதான் மாப்பிள்ள" என்றார் அப்பா.

"வேலைக்கு இல்ல மாமா, படத்துக்கு."

"எதுக்கா இருந்தா என்ன? வாழ்நாள் பூரா இங்கனதான் நின்னேன். இன்னைக்கு மட்டும் பொம்பளைக மத்தியில போய் நிக்கச் சொல்றீங்களா?"

யாராலும் அவரை அசைக்க முடியவில்லை. அவரையும் சேர்த்து அடக்க வேண்டுமென்றால் லென்ஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வேண்டும். சரி, அதற்குத்தானே வாங்கியது. நான் அம்மாவுக்கும் சின்ன மதினிக்கும் நடுவில் போய் நின்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்து எடுத்துக் காய்த்துப் போன கை, சொரசொரவென்று இருக்கும். பிடித்தால் விடமாட்டார்.

இவர் கேமராவுக்குள் பார்த்தார். தலையை எடுத்துக் கூரையைப் பார்த்தார். திரும்பவும் உள்ளே பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"குடை வேணும்" என்றார்.

சின்ன அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்தான். "நான் புடிக்கிறேன்."

"நீ புடிச்சா நீ படத்துல இருக்க மாட்டியே" என்றார் இவர். அண்ணன் அதை யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய் நின்றுகொண்டான். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பரா ஆள் ஒருவர் குடையை வாங்கினார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பிடிப்பது போல இவருடைய தலைக்குப் பிடித்தார். லென்ஸுக்கு என்றதும் லென்ஸையே மூடினார். கொஞ்சம் மேலே என்றதும் வானத்துக்குத் தூக்கினார். இவருக்குக் கோபம் வந்தது, அவருக்கும் கோபம் வந்தது. கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. கீழ்த் தேயிலை மலை ஏற்கெனவே மறைந்துவிட்டது.

அப்பா தன் இடத்திலிருந்தே சொன்னார். "அவளே புடிக்கட்டும். படம் அவளுக்குத்தானே? அவதான் இங்கயே இருக்கப் போறாளே."

கங்காணி வேலை பிரித்துக் கொடுத்துவிட்டார். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. போகிறவர்கள் படத்தில் இருக்க வேண்டும், இருக்கிறவள் குடை பிடிக்க வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கு அப்பாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, அந்தத் தலைப்பாகையைப் பிடித்து இழுத்துக் கானுக்குள் போடலாம் போல.

"அப்ப இவ?" என்றார் அம்மா. கையை விடவில்லை.

பனி ஏறுவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் அம்மாவின் விரல்களைப் பிரித்தேன். "இருங்கம்மா, எடுத்து முடிச்சிட்டு வாறேன்" என்றேன். கானைத் தாண்டி வந்து குடையை வாங்கிக்கொண்டேன். மேல, கீழ என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கை தானாகவே இடத்துக்குப் போய் நின்றது. மூன்று தடவை அமுக்கினார். நாலாவதுக்குள் பனி வந்து லயத்தை மூடிவிட்டது. பிறகு அது விலகவே இல்லை. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நீலப் புடவையில் கான் தண்ணீர் தெறித்திருந்தது.

டார்க் ரூமில் சிவப்பு விளக்கின் கீழே காகிதத்தை மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டினார். ஒவ்வொருவராக வந்தார்கள். பெரிய அண்ணன், மதினி, பிள்ளைகள், அம்மா. யாரும் விடுபடவில்லை. மூலைகள் கொஞ்சம் இருட்டாக இருந்தன, புத்தகத்தில் சொன்ன மாதிரியே. கோடியில் நின்றதால் அப்பா பக்கவாட்டில் இழுபட்டு இரண்டு ஆள் அகலத்துக்கு இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நன்றாகச் சாப்பிட்ட மனுஷனாகத் தெரிந்தார். அவருடைய தலைக்கு மேலே, இடது மூலையில், ஏதோ கறுப்பாக ஏறிக்கொண்டு வந்தது. குடை ஓரம். ஒரு கம்பியின் நுனி. அது ஆடாமல் இருக்க எட்டிப் பிடித்திருந்த என் விரல் இரண்டு, தெளிவில்லாமல்.

வைட் லென்ஸ் நாம் நினைப்பதைவிட அதிகம் பார்க்கும். மற்ற இரண்டு படத்தில் பிள்ளைகள் அசைந்திருந்தார்கள். இது ஒன்றுதான் தேறியது.

"மூலைய வெட்டிடலாம்" என்றவர், அளந்து பார்த்துவிட்டு நிறுத்தினார். "வெட்டினா மாமாவோட தலப்பா போயிரும்."

"அப்ப இருக்கட்டும்" என்றேன்.

காகிதத்தைக் கிடுக்கியால் தூக்கி அடுத்த மருந்துக்கு மாற்றினார். அவருக்குச் சொல்ல ஏதோ இருந்தது, சொல்லவில்லை. நான் இருட்டில் நின்று அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். டார்க் ரூமில் எனக்கு ஒரு வசதி இருந்தது, அந்த மருந்தில் காகிதம் ஊறி முடியும்வரை யாரும் கதவைத் திறக்க முடியாது.

இரண்டு பிரதி போட்டார். ஒன்று எனக்கு. மற்றதை ஸ்டேஷனில் அம்மாவிடம் கொடுத்தேன். தகரப் பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் நின்று, அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டு, திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"நீ எங்கடி?"

"இந்தா" என்று அந்தக் கறுப்பு மூலையைத் தொட்டுக் காட்டினேன். "இதுதான் நான்."

கேலிக்குத்தான் சொன்னேன். அழாமல் வண்டி ஏறட்டும் என்று சொன்னேன். அம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் அந்த மூலையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். ரயில் போனது. அம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

பதிவுப் பிரஜை எங்களோடு இருந்தார். எண்பத்துமூன்று ஆடியில், நாலந்தாப் பக்கம் ஒரு சிங்கள வீட்டு மங்கலத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தோம். நான் வழக்கம் போலக் குடைக்கு. அன்றைக்கு டவுனில் தமிழ்க் கடைகள் பற்றி எரிவதாகச் செய்தி வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் எங்களை வெளியே விடாமல் மணப்பெண்ணின் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். "எலியட்ட யன்ட எபா" என்று அந்த வீட்டு அம்மா கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே போகாதீர்கள் என்று அர்த்தம். திரும்பி வந்தபோது ஸ்டூடியோ இல்லை. கௌன்டர், கோட்டு, என்லாஜர், இங்கிலீஷ் புத்தகங்கள், ஊர் முழுவதன் நெகட்டிவும் போய்விட்டன. என்னுடைய படமும் போய்விட்டது. அந்த லென்ஸுக்குக் குடை தேவைப்படாமல் இருந்திருந்தால் நான் கௌன்டரில்தான் இருந்திருப்பேன். வம்சாவளி வாங்கியிருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

படம் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீடு, சட்டி பானை எல்லாவற்றையும் விட அது. அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு மறந்துகொண்டு வந்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மூக்கு ஞாபகம் இருக்கும், கண் வராது. கப்பலும் நின்றுபோனது. இன்னொரு பிரதி கேட்டால் அவர்களுடைய படத்தையல்லவா அனுப்பச் சொல்ல வேண்டும்? தபாலில் தொலைந்தால்? கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, புதுக் கடை ஒரு மாதிரி நிமிர்ந்த பிறகு, இவர் வம்சாவளியை வாங்கிவிட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, ஆசை. கண்ணாடியில் நீலமும் ஊதாவுமாக ஒரு மினுக்கு. வாசலில் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குக் குடையே வேணாம்" என்றார். ஆனால் ஒரே படத்தில் அடங்காத அளவுக்கு ஆட்கள் சேர்ந்து நிற்கிற குடும்பம் அப்போது எங்கள் பக்கத்தில் குறைந்துவிட்டது. வைட் லென்ஸை வைத்துக்கொண்டு பிறந்தநாள் கேக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

சண்டை நிறுத்தம் வந்து பாதை திறந்திருந்த காலத்தில் அம்மா போய்விட்டார் என்று தகவல் வந்தது. அப்பா அதற்கு முன்பே போயிருந்தார். பாஸ்போர்ட், விசா என்று அலைந்து நாங்கள் கோத்தகிரி போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் பனிதான். அவ்வளவு தூரம் கப்பல் ஏறிப் போனதற்கு வேறு ஏதாவது ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

அண்ணன் வீட்டு முன்னறைச் சுவரில் படம் இருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதற்கு முன்னால் போய் நின்றேன். அம்மாவின் கண் இருந்தது. இதுதான், இதுதான் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சின்ன அண்ணன் மகன், அன்றைக்கு இடுப்பிலிருந்து இறக்கி நிறுத்தப்பட்டவன், இப்போது மீசை வைத்த ஆள், பக்கத்தில் வந்து நின்றான். சட்டம் கொஞ்சம் கோணலாக, படத்தைவிட அகலமாக இருந்தது.

"கடைக்காரன்கிட்ட ரெடிமேட் ஃபிரேம்தான் இருந்துச்சாம் அத்தை. இடது பக்கம் கறை மாதிரி இருக்கு, அதை வெட்டிட்டா சரியா உக்காரும், தாத்தா தலப்பா கொஞ்சம்தான் போகும்னானாம். அப்பாயி விடல. 'அது கறை இல்லய்யா, எம் மக. கொடை புடிச்சிக்கிட்டு நிக்கிறா'ன்னு சண்டை போட்டு, தனியாச் சட்டம் அடிக்க வச்சாங்களாம்."

என் வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "கம்பெனி லென்ஸா இருந்திருந்தா நீயும் அந்த வரிசையில நின்னிருப்ப" என்றார் மெதுவாக. டார்க் ரூமில் விழுங்கியதை அங்கே வந்து சொன்னார்.

"உங்க கம்பெனி லென்ஸ் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருந்தா வரிசையே இருந்திருக்காதுங்க" என்றேன். அதுதான் உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிவுப் பிரஜையைத்தான் வாங்கச் சொல்வேன்.

மருமகன் படத்தை இறக்கி என் கையில் கொடுத்தான். கண்ணாடி முழுவதும் சுத்தமாக இருந்தது. இடது மூலையில் மட்டும், குடைக்கு மேலே, எண்ணெய்ப் பிசுக்காக ஒரு விரல் அகலத்துக்கு மங்கியிருந்தது.

"அங்க மட்டும் எப்பவும் அப்படித்தான் அத்தை. எத்தனை தடவ துடைச்சாலும் அப்பாயி காலையில எந்திரிச்சதும் வந்து தொட்டுருவாங்க" என்று சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்தான். "குடுங்க, துடைச்சித் தாறேன்."

அந்தத் துண்டை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.